வண்டி போயிடுச்சு... பேர் போகலை!

கொரோனா ஊரடங்கில் அவசரமாகக் கைமாறிய பழைய பைக்குகள் இன்றும் விற்றவர் வீட்டுக் கதவைத் தட்டுகின்றன

ஷட்டர் முக்கால்வாசி இறங்கியிருக்கிறது. குனிந்துதான் உள்ளே நுழைய வேண்டும். முகக்கவசம் தாடையில் தொங்க, மெக்கானிக் ஒரு பழைய ஸ்ப்ளெண்டரின் டேங்கைத் துணியால் துடைத்துக்கொண்டிருக்கிறார். “கிக்கர்ல ஒரே உதைதான் தம்பி, எடுத்துக்கும். சிங்கிள் ஓனர். இன்ஜின்ல கையே வைக்கலை” என்கிறார் குரலைத் தாழ்த்தி. வாங்க வந்த பையன் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்கிறான். மெயின் ரோட்டில் போலீஸ் நிற்கிறது. தெருமுனை வரை போய்த் திரும்பலாம், அவ்வளவுதான் அனுமதி. இரண்டாவது கியர் விழுவதற்குள் தெரு முடிந்துவிடுகிறது.

ஆர்.சி. புத்தகம், விற்றவர் கையெழுத்து மட்டும் போட்டு மற்ற இடமெல்லாம் காலியாக விட்ட இரண்டு படிவங்கள், எண்ணி வைத்த பணம்.

“அண்ணே, பேர் மாத்துறது?”

“நிலைமை சரியாகட்டும் தம்பி. ஆர்.டி.ஓ. ஆபீஸ் ஒழுங்கா நடக்கட்டும், பாத்துக்கலாம்.”

2020 மே மாதம் சென்னைப் புறநகரின் எந்தச் சந்திலும் இப்படியொரு காட்சியைப் பார்த்திருக்கலாம். சேலம், மதுரை, திருப்பூர் என்று ஊர்ப் பெயரை மாற்றினாலும் கதை மாறாது. நிலைமை சரியாகிவிட்டது. ஆர்.டி.ஓ. ஆபீஸும் ஒழுங்காக நடக்கிறது. அந்த ‘பாத்துக்கலாம்’ மட்டும் பல வண்டிகளுக்கு இன்னும் அப்படியே நிற்கிறது.

பஸ் நின்றது, பைக் ஓடியது

2020 மார்ச் 24 மாலை தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு. மறுநாள் முதல் நாடு முழுக்க ஊரடங்கு. பஸ் நின்றது, புறநகர் ரயில் நின்றது. மே மாதத்திலேயே குறைந்த ஆட்களோடு தொழிற்சாலைகள் திறக்கத் தொடங்கின. ஆனால், சென்னை வட்டாரத்தில் மாவட்டத்துக்குள் பஸ் ஓடியது செப்டம்பர் 1-ம் தேதிதான். மாவட்டம் விட்டு மாவட்டம் போக செப்டம்பர் 7 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. புறநகர் ரயில் அக்டோபரில் வந்தபோதும் அத்தியாவசியப் பணியாளர்களுக்கு மட்டும்தான் இடம். திருவள்ளூரிலிருந்து தினமும் ரயிலேறி அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்கு வந்துகொண்டிருந்த ஒரு ஃபிட்டர் இந்த நான்கு மாத இடைவெளியை எப்படித் தாண்டுவார்? வண்டி வேண்டும். புது வண்டிக்குக் கையில் காசில்லை.

வேலை போனவர்களின் கணக்கு வேறு. ஓட்டல் சப்ளையர், கல்யாண போட்டோகிராபர், மால் கடை ஊழியர் எனப் பலரும் அன்று கண்ட ஒரே வாசல் உணவு டெலிவரி. அந்த வேலைக்கு முதல் தகுதி சொந்த வண்டி. ஆக, வேலை இருந்தவருக்கும் பைக் தேவைப்பட்டது, வேலை இல்லாதவருக்கும் தேவைப்பட்டது.

விற்க வந்தவர்களும் இதே கூட்டத்தில்தான் இருந்தார்கள். வாடகை கொடுக்க முடியாமல் ரூமைக் காலி செய்தவர்கள், சம்பளம் பாதியானவர்கள், வீட்டில் இரண்டு வண்டி இருந்து ஒன்றைக் காசாக்கியவர்கள். 2020 ஜூன் நடுவில், சென்னைக்கு மீண்டும் முழு ஊரடங்கு என்ற அறிவிப்பு வந்ததும், தென் மாவட்டங்களை நோக்கி மக்கள் மூட்டை முடிச்சோடு கிளம்பியதை டி.வி.யில் பார்த்தோம். கிளம்புமுன் வண்டியைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போனவர்களை எந்த கேமராவும் படம் பிடிக்கவில்லை.

ஷோரூம் பக்கம் நிலைமை இன்னும் விநோதம். முன்னணி நிறுவனங்கள் பலவும் 2020 ஏப்ரலில் உள்நாட்டில் ஒரு வண்டிகூட விற்கவில்லை என்று கணக்குக் காட்டின. அதே ஏப்ரல் 1-ல் பி.எஸ்.-6 புகை விதி அமலுக்கு வந்து சாதாரண கம்யூட்டர் பைக்கின் விலையும் ஆயிரக்கணக்கில் ஏறியது. கார்புரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்தது. தெருமுனை மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரால் திருகிச் சரிசெய்த காலம் முடிந்தது என்ற பயத்திலேயே பழைய கார்புரேட்டர் வண்டியைத் தேடிப் போனவர்கள் உண்டு. அந்த பயம் பாதிதான் நியாயம் என்பது வேறு விஷயம்.

பெட்டிச் செய்தி: தேதிகள் பேசட்டும்

மார்ச் 27, 2020: கடன் தவணையை மூன்று மாதம் தள்ளிவைக்கலாம் என ரிசர்வ் வங்கி அறிவிப்பு. பிறகு ஆகஸ்ட் 31 வரை நீட்டிப்பு.
ஏப்ரல் 1, 2020: பி.எஸ்.-6 அமல்.
ஜூன் 19-30, 2020: சென்னை, அதைச் சுற்றிய மாவட்டப் பகுதிகளில் முழு ஊரடங்கு. காய்கறி வாங்க 2 கிலோமீட்டருக்குள் நடந்துதான் போக வேண்டும். காரணமில்லாமல் வண்டி எடுத்தால் பறிமுதல்.
செப்டம்பர் 1, 2020: மாநிலத்துக்குள் பயணிக்க இ-பாஸ் ரத்து.
மே 10, 2021: இரண்டாம் அலைக்கான முழு ஊரடங்கு தொடக்கம். மே 24 முதல் தளர்வற்ற ஊரடங்கு.
ஜூலை 2021: சென்னையில் பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டியது.

ஓடாத ‘பழைய’ வண்டி

அந்த நாட்களில் பழைய வண்டி வாங்கி விற்கும் கன்சல்டிங் கடைகளில் ஒரு சரக்கு தனி ரகமாக நின்றது. ஸ்பீடோமீட்டரில் கிலோமீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம். சீட்டின் பாலித்தீன் உறைகூடக் கிழிக்கவில்லை. ஆனால், ஆர்.சி.யில் ஏற்கெனவே ஒரு ஓனர்.

மர்மம் ஒன்றுமில்லை. 2020 மார்ச் 31-க்குப் பிறகு, முந்தைய புகை விதிப்படி தயாரான பி.எஸ்.-4 வண்டியைப் புதிதாக விற்க முடியாது. ஊரடங்கு கடைசி ஒரு வாரத்தை விழுங்கிவிட்டது. தேங்கிய இருப்பில் 10 சதவிகிதத்தை, டெல்லி வட்டாரம் தவிர மற்ற இடங்களில், ஊரடங்கு முடிந்து 10 நாட்களுக்குள் விற்கலாம் என்று மார்ச் 27-ல் சொன்ன உச்ச நீதிமன்றம், ஜூலை 8-ல் அந்தச் சலுகையைத் திரும்பப் பெற்றது. இந்தத் தலைவலியை முன்கூட்டியே மோப்பம் பிடித்த டீலர்கள், மிச்ச வண்டிகளைத் தங்கள் பேரிலோ ஊழியர் பேரிலோ பதிவு செய்து வைத்துக்கொண்டார்கள். பிறகு ‘செகண்ட் ஹேண்ட்’ என்று விற்றார்கள். சட்டப்படி அது பழைய வண்டி. விற்பதில் தடையில்லை.

வாங்கியவருக்கு அன்று லாபம்தான். இன்றைய கேள்வி, அந்த முதல் பேர் மாறியதா என்பது. டீலர் பேரிலேயே, வேலையை விட்டுப் போன ஊழியர் பேரிலேயே இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், கையெழுத்து வாங்க அந்த ஆளைத் தேடிப் போக வேண்டிய நாள் வரும். பதிவு செய்து 15 வருடம் ஆனதும் ஆர்.சி.யைப் புதுப்பித்தாக வேண்டும்.

காலி படிவம் என்னும் கண்ணிவெடி

வண்டி விற்பவர் கொடுக்க வேண்டியது படிவம் 29. வாங்குபவர் கொடுக்க வேண்டியது படிவம் 30. மோட்டார் வாகனச் சட்டம் 50-வது பிரிவின்படி, மாநிலத்துக்குள் விற்பனை என்றால் விற்றவர் 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவருக்கு 30 நாள் அவகாசம். சட்டம் சொல்வது இவ்வளவுதான்.

சந்தையில் நடப்பது என்ன? விற்பவர் இரண்டு படிவத்திலும் கையெழுத்துப் போட்டு, வாங்குபவர் பெயர், தேதி எல்லாவற்றையும் காலியாக விட்டு புரோக்கரிடம் கொடுத்துவிடுவார். புரோக்கரிடமிருந்து கன்சல்டிங் கடை, கடையிலிருந்து வேறு ஊர் கடை, அங்கிருந்து ஒரு பையன், அவனிடமிருந்து அவன் மச்சான். வண்டி ஐந்து கை மாறும். படிவம் முதல் கையெழுத்தோடு சீட்டுக்கு அடியில் மடங்கிக் கிடக்கும். ஒவ்வொரு கைக்கும் பேர் மாற்றினால் ஓனர் எண்ணிக்கை ஏறும், ரேட்டு இறங்கும். அதனால் இடையில் இருப்பவர் யாருக்கும் பேர் மாற்றுவதில் அக்கறை கிடையாது.

இது கொரோனா கண்டுபிடித்த பழக்கம் இல்லை. முன்பு சோம்பலால் செய்ததை, ஊரடங்கில் எல்லோரும் நியாயமான ஒரு காரணத்தோடு செய்தார்கள். அலுவலகம் மூடியிருந்தது, திறந்த பிறகு டோக்கன், குறைந்த ஊழியர்கள், தொற்று பயம். மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் 2020 பிப்ரவரி 1-க்குப் பிறகு காலாவதியான லைசென்ஸ், ஆர்.சி., எஃப்.சி. போன்றவற்றை முதலில் ஜூன் 30 வரை செல்லும் என்று அறிவித்து, பிறகு தவணை தவணையாக 2021 அக்டோபர் வரை இழுத்தது. அந்தச் சலுகை காலாவதியாகும் ஆவணத்துக்கானது. வண்டியை விற்றுவிட்டேன் என்று தெரிவிக்கும் கடமையை அது ஒத்திவைக்கவில்லை. இன்ஷூரன்ஸுக்குக் கிடைத்த தனிச் சலுகையும் சில வாரங்களோடு முடிந்தது.

போலீஸ் யார் வீட்டுக்கு வரும்?

முதலில் வருவது எஸ்.எம்.எஸ். எப்போதோ விற்ற பல்சர், நீங்கள் போயே இராத ஊரில், ஹெல்மெட் இல்லாமல் மூன்று பேரோடு சிக்னலைத் தாண்டியிருக்கும். சலான் உங்கள் பேருக்கு. 2022 அக்டோபர் இறுதியில் தமிழ்நாடு உயர்த்தப்பட்ட அபராதங்களை அமலாக்கியதும்தான் பலருக்கு இந்த விஷயமே உறைத்தது. ஹெல்மெட் இல்லாவிட்டால் 1,000 ரூபாய், இன்ஷூரன்ஸ் இல்லாவிட்டால் 2,000 ரூபாய். 100 ரூபாய் சலானைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தவரும் 1,000 ரூபாயைப் பார்த்துத் திடுக்கிட்டு எழுந்தார். இன்னும் கட்டாமல் விட்டவர்கள், சலான்கள் சேர்ந்துகொண்டே போவதை அறியாமல் இருக்கலாம்.

அடுத்தது, வாசலில் வந்து நிற்கும் கான்ஸ்டபிள். செயின் பறிப்புக்கோ, கஞ்சா கடத்தலுக்கோ அந்த வண்டி போயிருந்தால், கேமராவில் பதிவான நம்பரை வைத்து விசாரணை தொடங்கும் இடம் ஆர்.சி.யில் உள்ள முகவரி. கடைசியில் நீங்கள் நிரபராதி என்று தெரிந்துவிடும், சரிதான். அதற்குள் ஸ்டேஷன் படியேறி, அக்கம்பக்கத்தாருக்குப் பதில் சொல்லி முடித்திருப்பீர்கள்.

மூன்றாவதுதான் குடும்பத்தையே சாய்ப்பது. வண்டி யார் மீதாவது மோதி உயிர் போனால், நஷ்டஈடு யார் கொடுப்பது? 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒளிவுமறைவின்றி பதில் சொல்லிவிட்டது. வரிசையாகப் பல கை மாறிய ஒரு காரில் 2009-ல் நடந்த விபத்து அது. ஆர்.சி.யில் இருந்த முதல் ஓனர், ‘நான் விற்று இரண்டு வருடம் ஆச்சு’ என்றார். பதிவேட்டில் யார் பேர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் பார்வையில் உரிமையாளர், பாதிக்கப்பட்டவர் ஒவ்வொரு கையாகத் தேடிக்கொண்டு அலைய வேண்டியதில்லை என்றது நீதிமன்றம். வண்டிக்கு இன்ஷூரன்ஸ் உயிரோடு இருந்தால் தப்பிக்கலாம். பல கை மாறிய பழைய பைக்குக்கு இன்ஷூரன்ஸ் கட்டுவது யார்? முதல் ஓனர் விற்றாயிற்று என்று கட்டமாட்டார். கடைசி ஆள், தன் பேரில் இல்லை என்று கட்டமாட்டார்.

வாங்கியவருக்கும் பெரிய ஆபத்து உண்டு. அதைப் பேசுபவர்கள் குறைவு. பாலிசியோடு வரும் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு, ‘ஓனர்-டிரைவர்’ என்று பதிவாகியிருப்பவருக்கு மட்டும்தான். பேர் மாற்றாமல் ஓட்டியவர் விபத்தில் இறந்தால், அவர் மனைவி அந்தத் தொகையைக் கேட்டு நிற்க முடியாது. மூன்றாம் நபர் காப்பீடு வண்டியோடு சேர்ந்து மாறிவிடும் என்கிறது சட்டம். வண்டியின் சேதத்துக்கான காப்பீட்டை வாங்கியவர் விண்ணப்பித்துத் தன் பேருக்கு மாற்ற வேண்டும். டெலிவரி வேலைக்காக ஓடிவந்து வாங்கியவர்கள் நாள் முழுக்க ரோட்டில் இருப்பவர்கள். இந்தப் பாதுகாப்பு யாருக்கு மிகவும் தேவையோ, அவர்களில் பலரிடம்தான் அது இல்லை.

நிலம் வாங்குமுன் வில்லங்கச் சான்று எடுக்காமல் ஒரு ரூபாய் முன்பணம் கொடுக்கமாட்டோம். ஓடுகிற, மோதுகிற, கொல்லக்கூடிய ஒரு பொருளை மட்டும் டீக்கடை பெஞ்சில் கைமாற்றிக்கொள்கிறோம்.

இறந்தவர் பேரில் ஒரு ஆக்டிவா

இரண்டாம் அலை முடிந்தபின் சந்தைக்கு வந்த சில வண்டிகளின் கதையை எழுதக் கை கூசுகிறது. கணவர் போய்விட்டார். வாசலில் ஸ்கூட்டர் நிற்கிறது. அதைப் பார்க்கப் பிடிக்காமலோ, பணத் தேவைக்காகவோ வீட்டில் விற்றுவிட்டார்கள். கையெழுத்து? மச்சினரோ மகனோ ‘போட்டுக் கொடுத்து’ அனுப்பியிருப்பார். யாரையும் ஏமாற்றும் எண்ணம் அதில் இல்லை. ஆனாலும், இறந்தவர் கையெழுத்தை அவர் இறந்தபின் போடுவது போலி ஆவணம்தான். வாங்கியவர் பேர் மாற்றப் போகும்போது அங்கே முட்டும்.

முறையான வழி கடினமானது இல்லை. உரிமையாளர் இறந்தால் 30 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்துவிட்டு, மூன்று மாதம் வரை குடும்பத்தார் வண்டியைப் பயன்படுத்தலாம். அதற்குள் படிவம் 31-ல் விண்ணப்பித்து வாரிசு பேருக்கு மாற்ற வேண்டும். இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் கேட்பார்கள். வாரிசு பேருக்கு வந்தபிறகு விற்கலாம். ஆஸ்பத்திரி, சுடுகாடு, பேங்க் என்று அலைந்த வீட்டுக்கு இதுவும் ஓர் அலைச்சல் என்பது புரிகிறது. இந்த அலைச்சலைக் குறைக்க, ஆர்.சி.யிலேயே நாமினி பேரைச் சேர்க்கும் வசதியை மத்திய அரசு 2021-ல் விதித் திருத்தமாகக் கொண்டுவந்தது. இதுவரை சேர்க்காதவர்கள் சேர்த்துவிடலாம்.

டியூ பாக்கி வண்டி

ரிசர்வ் வங்கியின் தவணை ஒத்திவைப்பை ‘ஆறு மாசம் டியூ கட்ட வேண்டாம்’ என்று புரிந்துகொண்டவர்கள் அதிகம். வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. சலுகை முடிந்ததும் வசூல் ஆட்கள் வந்தார்கள். சிலர் ஃபைனான்ஸ் சீஸ் பண்ணுவதற்குள் விற்றுவிடுவோம் என்று வேறு ஊர்க்காரருக்குத் தள்ளினார்கள். வாங்கியவர் ஆர்.சி.யில் கடன் கொடுத்த நிறுவனத்தின் பேர் இருப்பதைக் கவனித்திருக்க வேண்டும். ‘அது முடிஞ்சிருச்சு அண்ணே, என்.ஓ.சி. வர வேண்டியதுதான் பாக்கி’ என்றால் நம்பிவிடுகிறார்கள். கடன் கொடுத்தவரின் என்.ஓ.சி.யும், அடமானம் நீங்கியதைக் காட்டும் படிவம் 35-ம் கைக்கு வராத வரை அந்த வண்டி அடமானத்தில் இருக்கும் வண்டிதான். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது நடுரோட்டில் சாவியைப் பிடுங்கும்வரை அது தெரியாது.

ஆன்லைன் கதையும் உண்டு. மாவட்டம் தாண்டிப் போவதற்கான இ-பாஸ் முதல் சில மாதங்களில் பெரும்பாலும் கல்யாணத்துக்கும், சாவுக்கும், மருத்துவ அவசரத்துக்கும்தான் கிடைத்தது. பைக் பார்க்க அல்ல, பெண் பார்க்கக்கூட அல்ல. எனவே வாட்ஸ்அப் வீடியோவிலேயே இன்ஜின் சத்தம் கேட்டு விலை பேசினார்கள். ‘நான் ராணுவத்துல இருக்கேன், டிரான்ஸ்ஃபர் ஆகிடுச்சு, வண்டியை பார்சல்ல அனுப்புறேன்’ என்று சீருடைப் படம் காட்டி முன்பணம் கறக்கும் கும்பல் கொரோனாவுக்கு முன்பே இருந்தது. நேரில் போக முடியாத காலம் அதற்கு அறுவடைக் காலமானது. சந்தை விலையில் பாதிக்கு ஒரு புல்லட் கிடைக்கிறதென்றால், அந்த புல்லட் எங்குமே இல்லை என்று அர்த்தம்.

அரசு என்ன செய்தது?

மத்திய அரசு 2022 டிசம்பரில் விதியைத் திருத்தியது. 2023 ஏப்ரல் 1 முதல், பழைய வண்டி வாங்கி விற்கும் டீலர் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்றிதழ் பெற வேண்டும். வண்டி அவர் கைக்கு வந்ததுமே, உரிமையாளரும் டீலரும் சேர்ந்து அதை ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும். அந்த நொடியிலிருந்து மறுபடி விற்கும்வரை டீலரே உரிமையாளராகக் கருதப்படுவார். காலி படிவ வியாபாரத்தின் கழுத்தைப் பிடிக்கும் நல்ல விதி.

ஆனால், நம்மூரில் பழைய பைக் விற்பவர் யார்? பெரும்பாலும் ஒரு மெக்கானிக், ஒரு டீக்கடை நண்பர், தெரிந்த புரோக்கர். அவர்களில் யாரும் தங்களை ‘டீலர்’ என்று நினைப்பதே இல்லை. விதி இவர்களைத் தொடாத வரை சந்தையின் கீழ்ப்பாதி அப்படியேதான் இருக்கும். மேலும் இந்த விதி வருவதற்கு முன்பே, 2020-லும் 2021-லும் கைமாறியவற்றுக்கு இதனால் பலனில்லை. அந்த வண்டிகளுக்கென ஒரு சிறப்பு முகாம் நடத்தி, தாமதக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, பேர் மாற்றிக் கொடுப்பதுதான் அரசு இப்போது செய்யக்கூடிய நியாயமான காரியம். வரி பாக்கிக்குச் சமரசத் திட்டம் வைக்கும் அரசுக்கு இது புதிதில்லை.

பெட்டிச் செய்தி: வண்டி கைமாறும்போது

விற்பவர்: படிவம் 29, 30-ல் வாங்குபவர் பெயர், முகவரி, தேதி எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஒப்படைத்த தேதி, நேரம் குறித்த டெலிவரி நோட்டில் வாங்குபவரின் கையெழுத்தும் அடையாள அட்டை நகலும் இருக்கட்டும். டெலிவரி நோட்டு சாட்சி மட்டுமே, பேர் மாற்றத்துக்கு ஈடாகாது.

வாங்குபவர்: சேஸிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். கடன், சலான் பாக்கி, இன்ஷூரன்ஸ் மூன்றையும் அரசின் பரிவாகன் தளத்தில் பாருங்கள். கடையில் வாங்கினால் அங்கீகாரச் சான்றிதழைக் கேளுங்கள். முழுப் பணத்தையும் ஒரே தவணையில் கொடுக்காமல், பேர் மாறும்வரை ஒரு பங்கை நிறுத்தி வையுங்கள்.

இந்தக் கட்டுரையைப் படித்து முடித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். கடந்த சில ஆண்டுகளில் நீங்கள் விற்ற வண்டியின் நம்பரை எம்-பரிவாகன் செயலியில் தட்டிப் பாருங்கள். உரிமையாளர் பேரின் சில எழுத்துகள் நட்சத்திரக் குறியால் மறைந்திருக்கும். தெரிகிற எழுத்துகளே போதும், அது நீங்களா இல்லையா என்று சொல்லிவிடும். நீங்கள்தான் என்றால் முதலில் வாங்கியவரைப் பிடித்து, அவரோடு ஆர்.டி.ஓ. அலுவலகம் போங்கள். ஆள் கிடைக்கவில்லையா? கையில் இருக்கும் டெலிவரி நோட்டு, பணம் வந்த பேங்க் பதிவு, வாட்ஸ்அப் உரையாடல் ஆகியவற்றின் நகலோடு, வண்டி விற்கப்பட்ட விவரத்தைப் பதிவு செய்த ஆர்.டி.ஓ.வுக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். உள்ளூர் ஸ்டேஷனிலும் மனு கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.